அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன்: லென்ஸ் பவர் பார்க்க ஏ ஸ்கேனா, லைட் மெஷினா?

வெண்ணாற்றங்கரை:
அப்பாவுக்கு 71 வயது. இடது கண்ணில் புரை நன்றாக முற்றி வெளியிலிருந்து பார்த்தாலே வெள்ளையாகத் தெரிகிறது, வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். குறுவை அறுப்பு முடியட்டும், சம்பா நடவு முடியட்டும் என்று அவரே தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்து விட்டார். கும்பகோணத்தில் பார்த்த டாக்டர், புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிட, கண்ணில் பேனா மாதிரி ஒன்றை வைத்து எடுக்கும் ஏ ஸ்கேன் போதும் என்கிறார். தஞ்சாவூரில் இன்னொரு இடத்தில், கண்ணைத் தொடாமல் லைட்டால் அளக்கிற மெஷின்தான் துல்லியம், அதற்குத் தனியாகக் கட்டணம் என்கிறார்கள். பணத்துக்காகக் கேட்கவில்லை. உள்ளே வைத்த லென்ஸை மறுபடி எடுத்து மாற்றுவது லேசான காரியம் இல்லையே, அந்தப் பயம்தான். எதில் எடுப்பது?

அளவெடுப்பவன்:
கண் ஆஸ்பத்திரியில் இதே வேலையைப் பல வருஷம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இரண்டும் அளப்பது ஒன்றைத்தான், கருவிழியிலிருந்து பின்னால் விழித்திரை வரைக்கும் எவ்வளவு நீளம் என்று. பெரியவர்களுக்கு அது சராசரியாக 23.5 மி.மீ. பக்கம் இருக்கும். இதில் 1 மி.மீ. தப்பினால் ஆபரேஷனுக்குப் பிறகு பவரில் ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை தப்பும், அதனால்தான் பத்தில் ஒரு மி.மீ.க்குக்கூட மெனக்கெட வேண்டியிருக்கிறது.

ஏ ஸ்கேன் ஒலி அலையால் அளக்கிறது. மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு முனையைக் கருவிழியில் நேரடியாக வைக்கும்போது, எடுப்பவர் கை கொஞ்சம் அழுத்தினால் கருவிழி உள்ளே அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும். கண் குட்டை என்று நினைத்துப் பவர் கூடுதலான லென்ஸை வைத்துவிடுவார்கள், பிறகு தூரப் பார்வை மங்கும். இதே ஏ ஸ்கேனில் இன்னொரு முறை உண்டு: கண்மேல் சின்னக் கிண்ணம் மாதிரி வைத்து அதில் உப்புத் தண்ணீர் நிரப்பி, முனை கருவிழியைத் தொடாமல் எடுப்பது. இமர்ஷன் என்பார்கள். அமுங்கும் பிரச்சினையே கிடையாது.

லைட் மெஷின் (1999 வாக்கில் வந்த ஐஓஎல் மாஸ்டரும் அதற்குப் பின்னால் வந்தவையும்) கண்ணைத் தொடுவதே இல்லை, கருவிழியின் வளைவையும் அதிலேயே எடுத்துவிடும், கை மாறினாலும் அளவு மாறாது. இதில் அளக்க முடிகிற கண்ணுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் லைட் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டுமே. உங்கள் அப்பாவின் இடது கண் மாதிரி வெள்ளையாக முற்றின புரையில் அது திரும்பாது, அவருக்கும் உள்ளே தெரிகிற புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. புதிதாக வந்த ஸ்வெப்ட் சோர்ஸ் வகை லைட் மெஷின் இன்னும் கொஞ்சம் அடர்த்தியான புரையையும் தாண்டும், எல்லாவற்றையும் அல்ல.

மன்னார்குடி மகள்:
எங்கள் அம்மாவுக்கு முதல் கண்ணில் இந்த அமுங்கும் பிரச்சினைதான் நடந்தது. எந்த இடம் என்று எழுத வேண்டாம். முனையைத் தொட்டு ஒரே தடவை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, ஆனால் மைனஸ் 1 பக்கம் வந்து நின்றது. அரிசியில் கல் பொறுக்கக் கண்ணாடி வேண்டாம், எதிரே வருகிற பஸ் போர்டு படிக்கத்தான் கண்ணாடி. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. இரண்டாவது கண்ணுக்கு வேறு இடத்தில் தண்ணீர் வைத்து எடுத்தார்கள், முதல் கண்ணின் கணக்கையும் வாங்கிப் பார்த்தார்கள், அது சரியாக வந்தது. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
அப்போ வலது கண்ணுக்கு ஒரு முறை, இடது கண்ணுக்கு ஒரு முறை என்று எடுக்கலாமா? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா?

அளவெடுப்பவன்:
தாராளமாக. லைட் மெஷினின் கணக்கே இமர்ஷன் அளவோடு ஒத்துப்போகும்படி அமைத்ததுதான். ஆபரேஷன் ஒரு கண்ணுக்கு என்றாலும் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும், சிலருக்கு நிஜமாகவே அப்படி இருக்கும், ஆனால் பார்த்து உறுதி செய்யாமல் விடக்கூடாது. அப்புறம் வரிசை முக்கியம்: லைட் மெஷினும் கருவிழி வளைவும் முதலில், சொட்டு மருந்தும் ஏ ஸ்கேனும் பிறகு. கருவிழியைத் தொட்டுவிட்டால் வளைவு சரியாக வராது. முன்பு லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வழக்கமான கணக்கு அவர்களுக்கு ஒத்துவராது.

வெண்ணாற்றங்கரை:
போய் வந்தோம். நீங்கள் சொன்ன மாதிரியே இடது கண்ணில் லைட் மெஷின் அளவே காட்டவில்லை. வலது லைட்டில் 23.1, இடது தண்ணீர் வைத்து 23.0, மூன்று தடவை எடுத்தும் அதேதான். தூரத்துக்கு வேண்டுமா கிட்டத்துக்கு வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், மேட்டில் நின்றால் கடைசி வரப்பு வரைக்கும் தெரிய வேண்டும் என்றார் அப்பா. அடுத்த புதன்கிழமை இடது கண்.