ராத்திரியில் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் விழித்தே இருக்கிறோம், இது வயதா பழக்கமா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் கிராமம். மாமனாருக்கு 74, எனக்கு 46, மகளுக்கு 14. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாமனார் எட்டரைக்கெல்லாம் திண்ணையில் படுத்துவிடுவார், சரியாக மூன்று மணிக்கு எழுந்து கொல்லைக் கதவைத் திறப்பார், அந்தத் தாழ்ப்பாள் சத்தம் தெருவுக்கே கேட்கும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஐந்து வருஷம் ஆகிறது, இன்னும் என்ன மூன்று மணி? மகள் ஒரு மணி வரை முழித்திருப்பாள், காலையில் ஆறரைக்கு எழுப்பினால் கத்துவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கண்ணை மூடினால் இரண்டு மணிக்குக் குப்பென்று உடம்பு காந்துகிறது, மார்கழிப் பனியிலும் ஜாக்கெட் நனைந்துபோகிறது, நெஞ்சு படபடக்கிறது. மாதவிலக்கும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகிறது. போன வாரம் ரசம் பொங்கி வழிந்ததற்கு உட்கார்ந்து அழுதேன், சிரிக்காதீர்கள். மறுநாள் மாமாவிடம் "ஏன் மூணு மணிக்கே எழுந்து தொலைக்கிறீங்க" என்று கேட்டுவிட்டேன். நாலு நாளாக அவர் என்னிடம் பேசவில்லை. பழக்கம் என்றால் மாற்றலாம், வயது என்றால் என்ன செய்வது?

கடைமடைக்காரன்:
அக்கா, மாமாவுடையது பழக்கம்தான். மேட்டூரில் ஜூன் 12ல் திறந்தாலும் எங்கள் பக்கம் வந்து சேர நாளாகும், வந்த தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவன் திருப்பிவிடாமல் மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் அவர்கள். எங்கப்பா இப்போது டவுனில் மாடி வீட்டில் இருக்கிறார், மூன்றரைக்கு எழுந்து பால்கனியில் நின்று கீழே சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி சொல்வது பாதிதான். வயலையே பார்க்காத ஆபீஸ்காரர்களும் எழுபதில் இப்படித்தான் எழுந்திருக்கிறார்கள். வயதானால் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடும், ஆழ்ந்த தூக்கமும் குறையும், சின்னச் சத்தத்துக்கே விழிப்பு வரும். மாமா மத்தியானம் தூங்குகிறாரா? இரண்டு மணி நேரம் தூங்கினால் ராத்திரியோடு சேர்த்து எட்டரை மணி நேரம் ஆகிவிட்டது, அவருக்குத் தூக்கம் குறையவே இல்லை. பகல் தூக்கத்தை அரை மணியாகக் குறைத்து, சாயங்கால வெயிலில் ஆற்றங்கரை வரை நடக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் பின்னால் தள்ளும். ராத்திரியில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுகிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ப்ராஸ்டேட்டோ சர்க்கரையோ இருக்கலாம். சீக்கிரம் எழுவது வயது. நாற்பது வருஷம் போன படித்துறைக்கே வழி தெரியாமல் நின்றால் அது வயது இல்லை, உடனே டாக்டர்.

உங்கள் மகளுக்குக் கடிகாரம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. பருவம் வந்த பிள்ளைகளுக்கு மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிற நேரமே ஒன்றிரண்டு மணி தள்ளிப்போகும், அதற்கு மேல் போன் வெளிச்சம் வேறு. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், அவளுக்குக் கிடைப்பது ஐந்தரை. கத்தாமல் என்ன செய்வாள்? ஆத்திரத்துக்குக் கடிவாளம் போடுகிற முன்மூளை முழுசாக வளர 25 வயதை ஒட்டி ஆகிறது, அதுவரை நாம்தான் கொஞ்சம் கடிவாளம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்க விடாதீர்கள், திங்கட்கிழமை இன்னும் மோசமாகும்.

இப்போது உங்கள் கதை. இது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம் மாதிரிதான் தெரிகிறது. நம் நாட்டில் சராசரியாக 46, 47ல் நிற்கிறது, அதற்கு முன் சில வருஷம் இப்படித் தாறுமாறாக ஓடும். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறையும்போது மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கிற இடம் லேசான மாற்றத்தையே பெரிய சூடாக எடுத்துக்கொண்டு வேர்வையைத் திறந்துவிடுகிறது. அழுகையும் எரிச்சலும் இதோடு சேர்ந்து வருவதுதான், கூடவே தூக்கம் கெட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் தைராய்டும் இதே வேஷத்தில் வரும், அதையும் ரத்த அளவையும் பார்த்துவிடுங்கள். வேர்வை தாங்க முடியவில்லை என்றால் மருந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முழுசாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு, அதற்கப்புறம் ஒரு துளி பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் திருப்பூர்க்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாயவரம் வாத்தியார்:
எனக்கு 71. நர்ஸம்மா உடம்பைச் சொல்லிவிட்டார், நான் மற்றதைச் சொல்கிறேன். திருக்கடையூரில் எனக்கு 60ஆம் கல்யாணம் செய்தார்கள். அன்றைக்கு நூறு பேர் காலில் விழுந்தார்கள், மறுநாளிலிருந்து ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. எந்த நெல் போடலாம், யாரைக் கூப்பிடலாம், எதுவும் இல்லை. கண்ணில் வெள்ளெழுத்து வந்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை, கண்ணாடி போட்டால் அது சரியாகிவிடுகிறது. டீக்கடைக் கூட்டம் குறைந்தது மட்டும் எனக்கு வருத்தமில்லை, நாற்பதில் பத்துப் பேர் வேண்டியிருந்தது, இப்போது இரண்டு பேர் போதும். உங்கள் மாமா நீங்கள் திட்டியதற்காக மட்டும் பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை அம்மா. எழுந்து என்ன வேலை இருக்கிறது என்று நீங்கள் கேட்டதாக அவர் காதில் விழுந்திருக்கும்.

பத்தொன்பது:
ஆன்ட்டி, எங்கம்மாவும் முக்கியமான விஷயம் எல்லாவற்றையும் காலை ஆறரைக்குத்தான் ஆரம்பிப்பார், அப்போது எனக்கு என் பெயரே தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்குச் சும்மா பக்கத்தில் வந்து உட்காருங்கள், அவளே பேசுவாள். போனைப் பிடுங்கிவிட்டு உட்காராதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, எப்படியும் எழுந்திருக்கிறீர்கள், பால்காரரிடம் பால் வாங்கி அடுப்பில் வைத்துவிடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன், பதில் பேசவில்லை. இன்றைக்கு நான் எழுந்தபோது பால் காய்ந்து, வழிந்து, அடுப்பு முழுக்க ஒரே ஆடை. "நீ ரசத்துக்கு அழுத மாதிரி நான் அழ மாட்டேன்" என்றார். தைராய்டு டெஸ்ட்டுக்கு வியாழக்கிழமை போகிறேன், முடிவு வந்ததும் எழுதுகிறேன். மணி ஏழேகால், அவள் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.