விடுதலை ஆன பிறகும் பெயர் நிற்கிறதே?

கானாடுகாத்தான் பங்கு வீட்டுத் தேக்கு நிலைக்கதவைப் பங்காளி விலை பேசினார். தடுக்கப் போய்க் கைகலப்பு, என் மேல் எஃப்ஐஆர். 2019இல் விடுதலை. இப்போது சிங்கப்பூர் வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். என் பதிவை எங்கே பார்ப்பது, எப்படி நீக்குவது?

வக்கீல் குமாஸ்தா, காரைக்குடி: தம்பி, நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் சிவகங்கை மாவட்டம், பெயர், வருடம் போட்டுத் தேடுங்கள். அப்புறம் நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கி ஸ்டேஷனில் கொடுங்கள். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள், அதுதான் வினை.

கேட்டவர்: தீர்ப்பு வாசித்தபோது ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ (குற்றம் ஐயமற நிரூபணமாகவில்லை) என்றார்களே, அண்ணே?

குமாஸ்தா: விடுதலை விடுதலைதான். இங்கே போலீஸ் வேலைக்குப் போனால் அந்த வரி இடிக்கும்.

இன்னொருவர்: நீக்குவது கஷ்டம். விடுதலையானவர் பெயரைத் தீர்ப்பில் மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது.

கேட்டவர்: சரி, நாளைக்கே நகல் மனு. நிலைக்கதவு இன்னும் வீட்டில்தான் நிற்கிறது.