வாரநாளில் ஆபீஸ், வாரக்கடைசியில் டெத் வேலி: என் ஜிஎக்ஸ் 460-இல் மாட்டியதும் கழற்றியதும்

*ஃப்ரீமான்ட் (கலிபோர்னியா), 2017 லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 460*

திங்கள் முதல் வியாழன் வரை டம்பார்டன் பாலம் தாண்டி ஆபீஸ். சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி. ஞாயிறு காஸ்ட்கோ. இதுதான் என் வண்டியின் பிழைப்பு. வருஷத்தில் பன்னிரண்டு, பதினைந்து இரவு மட்டும் மண்ணில் நிற்கும். இந்தக் கணக்கை முதல் நாளே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் செலவழித்ததில் பாதி மிச்சமாகியிருக்கும். எழுதவில்லை. யூடியூப் பார்த்தேன்.

இந்த வண்டியைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே தோல் இருக்கை, மர வேலைப்பாடு என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தாலும் அடியில் அது டொயோட்டா பிராடோ. லாரி மாதிரி தனிச் சேசிஸ், 4.6 லிட்டர் வி8, எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை, நடு டிஃபரென்ஷியலை (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) பூட்ட ஒரு பட்டன், மேடு பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்க லோ ரேஞ்ச் கியர். அமெரிக்காவில் விற்றதில் பின் அச்சுக்குத் தனிப் பூட்டு கிடையாது. அந்த வேலையை பிரேக்கை வைத்து கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நான் போகிற பாதைகளுக்கு அது தாராளம்.

முதல் மாற்றம் டயர். கம்பெனி அளவு 265/60 ஆர்18, விட்டம் 30.5 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குல ரிம், 265/70 ஆர்17 ஆல்-டெரெய்ன் டயர் போட்டேன். விட்டம் 31.6 அங்குலம். ஏதோ மலை மாதிரி உயர்ந்துவிடும் என்று நினைத்தால், தரையிலிருந்து ஏறியது வெறும் 14 மில்லிமீட்டர். உண்மையான லாபம் உயரத்தில் இல்லை, ரிம்மைச் சுற்றியுள்ள ரப்பர்ச் சுவரில்தான். சுவர் உயரமாக இருந்தால் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் கல்லின் மேல் அமுங்கிக் கொடுக்கும். மைலேஜ் 17-இலிருந்து 15-க்கு இறங்கியது. இதற்குப் பிரீமியம் பெட்ரோல்தான் வேறு. சரி, ஆசைப்பட்டாயிற்று.

அடுத்தது லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்குவது. என் வண்டியில் கேடிஎஸ்எஸ் என்ற சஸ்பென்ஷன் ஏற்பாடு உண்டு. வண்டி சாயாமல் பிடிக்க முன்னும் பின்னும் உள்ள ஸ்டெபிலைசர் கம்பிகளை எண்ணெய்க் குழாய்களால் இணைத்திருப்பார்கள். வளைவில் கம்பி இறுகும், குண்டு குழியில் தளர்ந்து சக்கரத்தைத் தொங்கவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தூக்கினால் வண்டி ஓட்டுநர் பக்கம் சாயும். எனக்கும் சாய்ந்தது. மூன்று வாரம் தோளில் மூட்டை சுமந்தவன் போல ஒரு பக்கமாக ஆபீசுக்குப் போய்வந்தேன். இந்த வண்டிகளைத் தெரிந்த ஒரு மெக்கானிக், சமதளத்தில் நிறுத்தி கேடிஎஸ்எஸ் வால்வுகளைத் தளர்த்தி, அழுத்தம் சமமானதும் மூடினார். ஓட்டுநர் பக்க ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய ஸ்பேசர் ஒன்றும் வைத்தார். அதோடு சரியாயிற்று.

அப்புறம்தான் ரூஃப் டென்ட், வண்டியின் கூரைமேல் விரித்துப் படுக்கிற கூடாரம். எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு இது. மடித்து வைத்தாலே அறுபது கிலோவுக்கு மேல். ரேக், டென்ட், லிஃப்ட் எல்லாம் சேர்த்து வண்டியின் உயரம் ஏழரை அடியைத் தொட்டது. இங்கே நிறைய பார்க்கிங் கட்டடங்களின் வாசலில் 6 அடி 8 அங்குலம் என்று எழுதி ஒரு கம்பி தொங்கும். ஆபீசில் திறந்தவெளி நிறுத்தம் இருந்ததால் நான்கு மாதம் தப்பித்தேன். ஐந்தாவது மாதம், மகளின் பல் டாக்டரிடம் அவசரமாகப் போனபோது தலைக்கு மேலே படார் என்று ஒரு சத்தம். பின்னால் நான்கு கார்கள். அத்தனை பேரும் பொறுமையாகப் பின்வாங்கி எனக்கு வழி விட்டார்கள். மகள் அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் உண்டு. கூரையில் டென்ட் இருந்தால் காலையில் பால் வாங்கப் போகவும் படுக்கையை மடித்தாக வேண்டும். இப்போது பத்து நிமிஷத்தில் தரையில் நிற்கும் சாதாரணக் கூடாரம்தான்.

இனி சொல்லப்போவதுதான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். 2022 பிப்ரவரி, பிரசிடென்ட்ஸ் டே விடுமுறை. மாமாவும் அத்தையும் தேனியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார்கள். அவர்கள் உட்காருவதற்காக, மூன்றாவது வரிசையை எடுத்துவிட்டு ஆசையாகச் செய்து வைத்திருந்த மர டிராயரைக் கழற்றி, இருக்கைகளைத் திரும்பப் போட்டிருந்தேன். ஆறு பேரோடு டெத் வேலி தேசியப் பூங்கா. உபெஹெபே எரிமலைப் பள்ளத்தில் தார் ரோடு முடிகிறது. அங்கிருந்து ரேஸ்டிராக் வறண்ட ஏரிக்கு 27 மைல் மண் பாதை. உயரமான வண்டியும் நல்ல டயரும் இல்லாமல் போகாதீர்கள் என்று பூங்காக்காரர்களே எச்சரிக்கிற பாதை. வரிவரியாக, துவைக்கும் பலகை மாதிரி இருக்கும். இடையிடையே கத்தி போல் கல்.

காற்றை 22 பிஎஸ்ஐ-க்கு இறக்கிக்கொண்டு போனோம். பல்லெல்லாம் ஆடாமல் சுகமாக இருந்தது. பயணிகள் கெட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் டீகெட்டில் ஜங்ஷனில் படம் எடுத்துக்கொண்டோம். அதைத் தாண்டி இரண்டு மைலில் வலது பின் டயர் போயிற்று. பக்கச் சுவரில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டு. மிதிபடும் பகுதியில் ஓட்டை என்றால் ரப்பர்த் திரி சொருகி அடைக்கலாம். பக்கச் சுவரில் அது நிற்காது.

ஸ்டெப்னியை இறக்கியபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. நான்கு டயரை மாற்றிய நான் ஐந்தாவதை மாற்றவில்லை. காசு மிச்சம் பிடித்திருந்தேன். அடியில் தொங்கியது பழைய 18 அங்குலச் சக்கரம், மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் சின்னது. ஒரே அச்சில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது என்றால் நேர் ரோட்டிலும் சின்னது கூடுதலாகச் சுற்றும். டிஃபரென்ஷியலுக்கு ஓய்வே கிடையாது. எப்போதும் நான்கு சக்கரமும் ஓடுகிற வண்டியில் நடு டிஃபரென்ஷியலும் சேர்ந்து வேகும்.

நான் போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். ஊரில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டிய மாமா இரண்டு சக்கரத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ளே, சின்னதுல காத்த ஏத்துங்க. பக்கத்துல இருக்கிற பெருசுல இறக்குங்க. கொஞ்சமாச்சும் ஒண்ணாகும்." கம்ப்ரஸரை மாட்டி அப்படியே செய்தோம். முழுக்கச் சமமாகாது, ஆனாலும் வித்தியாசம் குறையும். நடுப் பூட்டைத் திறந்துவிட்டு, மணிக்கு பத்துப் பதினைந்து மைலில் உருட்டினேன். தார் ரோட்டுக்கு வந்த பிறகும் நாற்பதைத் தாண்டவில்லை. அரைமணிக்கு ஒருமுறை மாமா இறங்கி, பின் அச்சின் டிஃபரென்ஷியல் உருண்டைக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சூடு பார்ப்பார். "போலாம்" என்பார். ரிட்ஜ்கிரெஸ்ட் போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் புது டயர் போட்டோம். இப்போது ஐந்தும் ஒரே அளவு. டயர் இடமாற்றும்போது ஐந்தையும் சுற்றில் விடுகிறேன்.

ஏரிக்குப் போகாமல் திரும்பினீர்களா என்றால், இல்லை. நான்கு மைலில் வந்துவிடும் என்று மாமா விடவில்லை. களிமண் தரையில் கற்கள் தானாக நகர்ந்து நீளமாகக் கோடு இழுத்திருக்கும் இடம் அது. குளிர்கால இரவில் தண்ணீர் மெல்லிய பனித்தகடாக உறைந்து, பகலில் அது உடையும்போது லேசான காற்றே தகட்டையும் கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது என்று 2014-இல் கண்டுபிடித்து எழுதினார்கள். மாமாவிடம் சொன்னேன். "அந்தக் காத்து நம்ம வண்டியையும் கொஞ்சம் தள்ளிவிட்டா தேவல" என்றார்.

*குப்பர்டினோ, லேண்ட் க்ரூஸர் 200*

ஃப்ரீமான்ட் நண்பர் டிராயர் பற்றி எழுதியதைப் படித்ததால், பதிலுக்கு என் கதை. நான் பின்பக்கம் முழுக்க டிராயர் போட்டு, அதன்மேல் 12 வோல்ட் ஃபிரிட்ஜைத் தண்டவாளத்தில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். இழுத்தால் வரும், தள்ளினால் போகும். மூன்று நாளுக்கு இட்லி மாவு, தயிர், மீன் குழம்பு. ராஜ வாழ்க்கை. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போனேன். இருட்டிய பிறகு உணவோ வாசனையுள்ள பொருளோ எதுவும் காருக்குள் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கரடி வரும், கதவை வளைத்துத் திறக்கத் தெரிந்த கரடி. ஒவ்வொரு கூடார இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் அதில் பூட்ட வேண்டும். ஃபிரிட்ஜும் உணவுதானே?

இரவு எட்டு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான்கு போல்ட்டையும் கழற்றினேன். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்தால்தான் பெட்டிக்குள் போகும், படுக்கவைத்தால் மாவு வழியும். கடைசியில் உள்ளே இருந்ததை மட்டும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிப் பூட்டினேன். படுத்த பிறகு ரேஞ்சர் அம்மா வந்து கூடாரத்தைத் தட்டினார். பின் இருக்கையில் நல்லெண்ணெய் பாட்டில். டார்ச் வெளிச்சத்தில் கண்ணில் பட்டிருக்கிறது. அபராதம் போடவில்லை, ஆனால் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பூட்டும்வரை கூடவே நின்றார். இப்போது ஃபிரிட்ஜைப் போல்ட் போடுவதில்லை, பட்டை போட்டுக் கட்டுகிறேன். அது சரி, நீங்கள் கூரை விளக்கு ஏதும் போட்டீர்களா?

*சான் ஹோஸே, ஜிஎக்ஸ் 460*

கரடியாவது வாசனைக்கு வரும். மினரல் கிங் போயிருக்கிறீர்களா? ஸெக்கோயா தேசியப் பூங்காவில், 198-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 25 மைல், கிட்டத்தட்ட 700 வளைவு. லிஃப்ட் பண்ணிய வண்டியில் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு வாந்தி நிச்சயம். மேலே போனால் நிறுத்தியிருக்கும் கார்களையெல்லாம் தார்ப்பாயில் பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள். நான் பார்த்துச் சிரித்தேன். மர்மட் என்று ஒரு பெருத்த அணில் ஜாதி. கோடைத் தொடக்கத்தில் பானெட்டுக்குள் புகுந்து ரேடியேட்டர் குழாயையும் ஒயரையும் கடிக்கும்.

இரண்டு நாள் நடந்துவிட்டு வந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு குளம். கூலன்ட். வண்டியின் அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட் என்ற காப்புத் தகட்டுக்கு அத்தனை செலவு செய்து கல்லிடமிருந்து காப்பாற்றியிருந்தேன். இது மேலே ஏறிப்போய்க் கடித்திருக்கிறது. பக்கத்துக் கூடாரக்காரர் சிலிகான் டேப் கொடுத்தார். சுற்றி, தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுக்க வைத்துக்கொண்டு இறங்கினோம், ஜூன் மாதத்தில். இருபது அடிக்கு முப்பது அடி தார்ப்பாய் ஒன்று இப்போது எப்போதும் வண்டியில் இருக்கிறது.

*சன்னிவேல், ஜிஎக்ஸ் 470*

மாமா கதையைப் படித்ததும் எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, அண்ணா. எங்கள் வீட்டில் ஓட்டுவது நான். ஹோலிஸ்டர் ஹில்ஸில் பழகினேன். கல், மேடு, சாய்வு எல்லாம் தனித்தனியாகக் கட்டி வைத்த பயிற்சி இடம் இருக்கிறது. பார்ட்ஸ் வாங்குவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை போய்வரலாம்.

முன்னால் நின்று வழி சொல்பவர் இடது, வலது என்று சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். எதிரே நிற்பவருக்கு அது தலைகீழ். டிரைவர் பக்கம், பாசஞ்சர் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அப்பா முன்னால் போய் நின்றார். "டிரைவர் சைடு ஒடி, இன்னும் ஒடி!" நான் ஒடித்தேன். அப்பா கத்தினார். மறுபடி ஒடித்தேன். பாசஞ்சர் பக்கப் படிக்கட்டு பாறையில் ஏறி நசுங்கிய பிறகுதான் உறைத்தது: அப்பாவுக்கு டிரைவர் வலதுபக்கம் உட்காருவார், நம் ஊர் மாதிரி. இப்போது எங்கள் வீட்டில் "அம்மா பக்கம், அப்பா பக்கம்" என்றுதான் சொல்கிறோம். நசுங்கிய படிக்கட்டைக் கழற்றியதும் பாறைக்கு இடைவெளி கூடியது தனி லாபம். அம்மாவுக்குத்தான் ஏற முடியவில்லை, ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கியிருக்கிறேன்.

*டப்ளின் (கலிபோர்னியா), ஜிஎக்ஸ் 460*

ஒரே வரி. ஃபிரிட்ஜை வண்டியின் பேட்டரியில் இரவு முழுக்க ஓடவிடாதீர்கள், பவர் ஸ்டேஷன் என்று விற்கும் தனி பேட்டரிப் பெட்டி வாங்குங்கள். கலிபோர்னியாவின் அலபாமா ஹில்ஸில் விட்னி மலை பொன்னாக மின்னிய அந்தக் காலையில், ஜம்ப் கேபிள் கேட்டு ஒவ்வொரு கூடாரமாக அலைந்தேன்.

*ஃப்ரீமான்ட், மறுபடியும்*

படிக்கட்டு விஷயம் நல்ல யோசனை, தங்கச்சி, ஆனால் அத்தை இருக்கும்வரை எங்கள் வீட்டில் நடக்காது. குப்பர்டினோ நண்பர் கேட்டதற்கு: கூரை விளக்கு வாங்கினேன், கழற்றிவிட்டேன். ஆஃப்ரோடு விளக்கைச் சாலையில் மூடி வைக்க வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். தினமும் மூடியைத் தேட யாரால் முடியும்? இன்று வண்டியில் இருப்பது ஐந்து டயர், லிஃப்ட், ஸ்கிட் பிளேட், கம்ப்ரஸர், அவ்வளவுதான். டென்ட் கராஜில் தொங்குகிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து பார்க்கலாம், பாதி விலை. முன் ஓரத்தில் ஒரு கீறல் உண்டு.