3 ஏக்கர், 10 கறவை மாடு: முழுநேரத் தொழிலாக எடுத்தால் கட்டுப்படியாகுமா?

தாராபுரத்தான்:
அண்ணன்மாருக்கு வணக்கம். தாராபுரம் பக்கம் 3 ஏக்கர், ஒரு கிணறு, ஒரு போர். கோடையில் போர் இரண்டு மணி நேரம்தான் ஓடும். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அதை விட்டுவிட்டு மாட்டுப் பண்ணையம் முழுநேரமாகப் பார்க்கலாமா என்று யோசனை. கையில் 4 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன். ஒரே தடவையில் 10 எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு வாங்குவதாகத் திட்டம். மாட்டுக்கு 15 லிட்டர், லிட்டர் 38 ரூபாய் என்று போட்டால் கணக்கு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் எங்கள் ஊரில் இதே கணக்குப் போட்டு ஆரம்பித்த இரண்டு பேர் மாட்டை விற்றுவிட்டார்கள். எங்கே இடிக்கிறது?

கட்டுத்தரை:
தம்பி, இடிக்கிற இடம் இரண்டு. முதலாவது, 10 மாடும் வருஷம் முழுக்கக் கறக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். இரண்டாவது, 15 லிட்டர் என்பது கன்று போட்ட முதல் இரண்டு மாதத்து அளவு. அதே மாடு ஈத்து முழுக்க, அதாவது கன்று போட்டதிலிருந்து பால் வற்றுகிற வரை, சராசரி பார்த்தால் 9, 10 லிட்டரில் வந்து நிற்கும். விலையும் அப்படித்தான். ஆவினில் 2023 டிசம்பரில் பசும்பாலை 35-லிருந்து 38 ஆக உயர்த்தினார்கள், சரி. ஆனால் அது ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) நிர்ணயித்த அளவில் நின்றால் கிடைக்கிற விலை. 36 என்று போடுங்கள்.

ஒரு கறவை மாட்டின் ஒரு நாள் கணக்கு இது. அடர்தீவனம், மாட்டின் உடம்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு 2.5 லிட்டருக்கும் 1 கிலோ. 10 லிட்டருக்கு ஆக மொத்தம் 5.5 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 165. பசுந்தீவனம் 25 கிலோ, சொந்த நிலத்தில் விளைந்தாலும் உரம், ஆள் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய், அது 37. சோளத்தட்டோ வைக்கோலோ 4 கிலோ, 32 ரூபாய். தாது உப்பு 50 கிராம், 5 ரூபாய். எல்லாம் சேர்த்து 240. பால் பணம் 360. மிச்சம் 120.

வற்றின மாடு ஒன்றுமே தராது, ஆனால் 2 கிலோ அடர்தீவனத்தோடு நாளுக்கு 135 ரூபாய் தின்னும். 7 மாடு கறவை, 3 மாடு வற்றல் என்றால் 840-இல் 405 போக நாளுக்கு 435, மாதம் 13,000 சொச்சம். இதில்தான் கரண்ட், மருந்து, ஆள் கூலி, லோன் தவணை எல்லாம். 5 கறவை, 5 வற்றல் ஆகிவிட்டால் நாளுக்கு 75 ரூபாய் கையிலிருந்து போகும். தீவன விலை உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம், எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள், வழிமுறை இதுதான்.

ஒரு ஈத்தில் 310 நாள் கறக்கிறது என்று வையுங்கள். 14, 15 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால் 7:3. 20 மாதம் ஆனால் 5:5. மாட்டை விற்றவர்களின் கட்டுத்தரையைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இந்த 5:5 தான் நின்றிருக்கும். 20 லிட்டர் மாடு தேடி அலைவதைவிட 12 லிட்டர் கறந்து மூன்றாம் மாதம் சினை நிற்கிற மாடு மேல். தாராபுரம் வெயிலுக்கு எச்.எஃப் ரத்தம் கூடின மாடு மூச்சிரைத்தே பாலைக் குறைத்துவிடும், பருவத்தையும் காட்டாது. ஜெர்சி கலப்பினம் உங்கள் பக்கத்துக்குத் தாங்கும்.

பத்தையும் ஒரே மாதத்தில் வாங்கினால் பத்தும் ஒரே நேரத்தில் வற்றும். இப்போது 4 வாங்குங்கள், ஐந்தாறு மாதம் கழித்து 3. மீதி உங்கள் கிடேரிக் கன்றுகளே வரட்டும்.

மசால்பாத்தி:
மாட்டுக்கு முன்னால் புல். கரணை (புல்லின் தண்டுத் துண்டு) நட்டு 75, 80 நாள் கழித்துத்தான் முதல் அறுப்பு வரும். மாட்டை வாங்கிக் கட்டிவிட்டு கோ-4 புல் நட்டால் அந்த இரண்டரை மாதமும் தீவனத்தை விலைக்கு வாங்கியே 4 லட்சத்தில் பாதி கரையும்.

10 மாட்டுக்கு நாளுக்கு 250 கிலோ பசுந்தீவனம். 1 ஏக்கர் கம்பு நேப்பியர் (கோ-4 அல்லது கோ-5), 25 சென்ட் வேலிமசால் (பயறுவகைத் தீவனம்), வரப்போரம் அகத்தி, மானாவாரி மூலையில் 50 சென்ட் கோ எஃப்.எஸ் 29 தீவனச் சோளம். நேப்பியர் 60க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 13,000 கரணைக்கு மேல் பிடிக்கும். ஏக்கருக்கு 150 டன் என்று எழுதியிருப்பார்கள். அது தண்ணீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்த வயலின் விளைச்சல். நீங்கள் அதில் பாதியை நம்பித் திட்டம் போடுங்கள். அந்த 1 ஏக்கரை 45 பாத்தியாகப் பிரியுங்கள், ஒரு பாத்தி இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். தினம் ஒரு பாத்தி அறுத்தால் 46-ஆம் நாள் முதல் பாத்தி மறுபடி தயார். ஒரு பாத்தியில் 200 கிலோ சுமார் கிடைக்கும், மீதி 50 கிலோ வேலிமசாலும் அகத்தியும். அறுத்த பாத்திக்கு அன்றைக்கே கட்டுத்தரை கழுவின தண்ணீரைத் திருப்பிவிட்டால் யூரியா செலவு குறையும். 60 நாளுக்கு மேல் விட்டால் தண்டு முற்றி மாடு இலையை மட்டும் உருவிவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். சாஃப் கட்டர் (புல் நறுக்கும் மெஷின்) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், 2 எச்.பி போதும்.

நேப்பியரை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பயறுவகைத் தீவனமும் தாது உப்பும் கட்டாயம் என்கிறோம்.

சோளத்தில் ஒரு எச்சரிக்கை. பூ எடுப்பதற்கு முன், அதிலும் மழையில்லாமல் வாடி நிற்கிற இளம்பயிரிலும் அறுத்தபின் துளிர்க்கிற குருத்திலும் சயனைடு நச்சு ஏறியிருக்கும். மாடு அவிழ்த்துக்கொண்டு போய் மேய்ந்தால் அரை மணி நேரத்துக்குள் விழலாம். சோளக்காட்டுக்கு வேலி முக்கியம்.

அடர்தீவனம் நீங்களே அரைப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, பிண்ணாக்கு 25, தவிடு 37, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறும் அப்படித்தான். ஒரு அண்டா சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி, அசை போடுவது நின்று, மறுநாள் எழுந்திருக்காது.

தாராபுரத்தான்:
புல் முதலில் என்பது புரிகிறது, ரொம்ப நன்றி. மூன்றாம் மாதம் சினை நிற்க என்ன செய்ய வேண்டும்? எங்கள் பக்கம் மூன்று, நான்கு சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்புறம், கறவை மெஷின் வாங்கலாமா?

ஊசிப்பெட்டி:
நான்கு ஊசி போட்டும் நிற்கவில்லை என்பதில் பாதி, நேரம் தவறிப் போட்ட ஊசி. பருவம் 18 முதல் 24 நாளுக்கு ஒரு முறை, சராசரி 21. அது நிற்பதே 12 முதல் 18 மணி நேரம். காலையில் அறிகுறி பார்த்தால் சாயங்காலம், சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை ஊசி. காலையில் பார்த்ததை மறுநாள் மதியம் போன் பண்ணிச் சொன்னால் முட்டை வெளிவந்து அதன் காலம் முடிந்திருக்கும்.

கத்தும் என்று காத்திருக்காதீர்கள். எல்லா மாடும் கத்தாது, கோடையில் கலப்பின மாடு ஊமையாகவே பருவத்துக்கு வந்து போகும். படுத்திருக்கும்போது பின்னால் பாருங்கள். கண்ணாடி மாதிரி கோழை தரையில் வழிந்து வாலில் ஒட்டிக் காய்ந்திருக்கும். தீவனம் குறையும், அன்றைக்குப் பால் ஒரு லிட்டர் குறையும், அடிக்கடி சிறுநீர் விடும். ராத்திரி ஒன்பது மணிக்கும் விடியற்காலை கறவைக்கு முன்னாலும் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். கோழை கலங்கலாகவோ சீழ் மாதிரியோ இருந்தால் ஊசி போடச் சொல்லாதீர்கள், அது கர்ப்பப்பையில் நோய். முதலில் மருத்துவம்.

கட்டுத்தரையில் ஒரு காலண்டர் மாட்டி மாட்டின் பெயர், கன்று போட்ட தேதி, பருவம் வந்த தேதி, ஊசித் தேதி எழுதுங்கள். கன்று போட்டு 60 நாளுக்கு முன் வருகிற பருவத்தில் ஊசி வேண்டாம், ஆனால் தேதியை எழுதிவையுங்கள், அடுத்த 21-ஆம் நாள் கணக்குக்கு அதுதான் உதவும். ஊசி போட்டு 20-ஆம் நாளிலிருந்து மறுபடி கவனியுங்கள். பருவத்துக்கு வரவில்லை என்பதாலேயே சினை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டரை மாதத்தில் டாக்டரிடம் கைபோட்டுச் சினைப் பரிசோதனை. "திரும்பி வரவில்லை, சினைதான்" என்று ஆறு மாதம் காத்திருந்து வெறும் வயிறு என்று தெரிந்தால் அந்த ஒரு மாட்டில் மட்டும் ஆறு மாதத் தீவனம் போச்சு.

சினையான மாட்டைக் கன்று போட 60 நாள் இருக்கும்போது கட்டாயம் வற்ற வைக்க வேண்டும். பால் வருகிறதே என்று கடைசி வரை கறந்தால் அடுத்த ஈத்தில் மடி தேறாது. கன்றுக்குச் சீம்பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள். சீம்பால் கொடுக்க நஞ்சுக்கொடி விழட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. 12 மணி நேரத்தில் விழவில்லை என்றால் நீங்கள் இழுக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கட்டுத்தரை:
மெஷின் பற்றி. 4 மாட்டுக்கு வேண்டாம், 7 கறவை வந்தபின் யோசிக்கலாம். வாங்கினால் வெற்றிட அழுத்தம் 40 கிலோபாஸ்கல் சுமார், பல்சேஷன் (காம்பை அழுத்தி விடுகிற துடிப்பு) நிமிடத்துக்கு 60. மீட்டர் என்ன காட்டுகிறது என்று தினம் பார்க்க வேண்டும். பால் நின்ற பிறகும் கப்பை மாட்டியே விட்டால் காம்பு நுனி தடித்து வெளியே பிதுங்கும், மடிநோய் அங்கேதான் தொடங்கும். உள்ளே இருக்கிற ரப்பர் லைனரின் ஆயுள் 2,500 கறவை. 7 மாடு, இரண்டு வேளை என்றால் ஆறு மாதம். கிழியவில்லையே என்று இரண்டு வருஷம் ஓட்டுகிறவர்கள்தான் மெஷினால் மடிநோய் வருகிறது என்கிறார்கள்.

கையால் கறந்தாலும் கட்டைவிரலை மடக்கி இழுக்காமல் முழுக்கையால் அழுத்திக் கறக்க வேண்டும். முதல் நான்கு பீச்சைக் கறுப்புத் துணி கட்டின கிண்ணத்தில் விடுங்கள், திரி திரியாக நின்றால் மடிநோய் ஆரம்பம். கறந்து முடித்ததும் போவிடோன் அயோடின் கரைசலில் காம்பை முக்கிவிட்டுத் தொட்டியில் புல்லைப் போடுங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும், அதுவரை மாடு படுக்காமல் நின்று தின்ன வேண்டும். பலரும் கறவைக்கு முன்னாலேயே எல்லாத் தீவனத்தையும் கொடுத்துவிடுகிறார்கள், மாடு கறந்த கையோடு சாணியில் படுத்துவிடுகிறது.

வீக்கம் லேசாக இருக்கும்போதே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியை முழுக்கக் கறந்துவிட்டு நாளுக்கு எட்டுப் பத்துத் தடவை தடவலாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சிகளிலேயே சொல்லித் தருவார்கள். காய்ச்சல் அடித்து மாடு தீனி எடுக்கவில்லை என்றால் இதை நம்பி உட்காராதீர்கள். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்கிற நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

லெட்ஜர்:
லோன் பற்றி யாரும் தொடவில்லை. யூடியூபில் இன்னும் "நபார்டு மானியம் 25 சதவீதம், 33 சதவீதம்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது டி.இ.டி.எஸ் (பால்பண்ணைத் தொழில்முனைவோர் மேம்பாட்டு) திட்டம், 2020-21 முதலே நிறுத்தியாகிவிட்டது. வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தீவனச் செலவு மாதிரி நடைமுறை மூலதனத்துக்குக் கிசான் கிரெடிட் கார்டு கறவை மாட்டுக்கும் உண்டு. பேங்கில் அதையும் மாட்டு லோனையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் காதுத் தோடுதான் எல்லாம். 12 இலக்க எண் உள்ள தோடு விழுந்தால் அன்றைக்கே சொல்லி மாற்றுத் தோடு போட்டுப் பாலிசியில் ஏற்ற வேண்டும். தோடு இல்லாமல் செத்த மாட்டுக்குப் பணம் வராது. பிரேதப் பரிசோதனைக்கு முன் புதைத்தாலும் வராது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி ஆயுளில் ஒரே தடவை. இரண்டும் இலவசம், கேம்ப் தேதியைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

தாராபுரத்தான்:
வேலையை விடாமல் இப்போதே 1 ஏக்கர் நேப்பியர் நட்டுவிடுகிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று. வாங்கப் போகும்போது விற்கிறவர் சொல்கிற பாலை எப்படி நம்புவது?

ஊசிப்பெட்டி:
நம்பவே வேண்டாம், கறந்து பாருங்கள். சந்தைக்கு வருகிற மாட்டை ஒரு வேளை கறக்காமல் மடியைக் கட்டி நிறுத்தியிருப்பார்கள், பார்க்க மடி பெருத்துத் தெரியும். ஈரோடு கருங்கல்பாளையம் மாதிரி சந்தையில் பழகின ஆள் கூட இல்லாமல் முதல் மாடு பிடிக்க வேண்டாம். வீட்டுக் கட்டுத்தரையில் இருக்கிற மாடாகப் பாருங்கள். சாயங்காலம் போய்க் கறவையைப் பாருங்கள், அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். மறுநாள் காலை, மறுநாள் சாயங்காலம் இரண்டையும் கூட்டுங்கள், அதுதான் ஒரு நாள் பால்.

இரண்டாம் ஈத்து, கன்று போட்டு ஒரு மாதத்துக்குள், கன்று கூடவே இருக்க வேண்டும். நாலு காம்பிலும் நீங்களே பீச்சிப் பாருங்கள். ஒரு காம்பு அடைப்பு என்றால் விலையில் குறைக்கிறேன் என்பார், வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கறந்தபின் மடி காலிப் பை மாதிரி சுருங்க வேண்டும். கறந்த பிறகும் கல் மாதிரி இருந்தால் அது பால் மடி இல்லை, சதை மடி அல்லது பழைய மடிநோய். கீழ்த்தாடையில் பல் எண்ணுங்கள், நாலு பல், ஆறு பல்லில் வாங்கலாம். என்ன தீவனம், எத்தனை கிலோ போட்டார் என்று கேட்டு, அதே தீவனத்தில் ஒரு மூட்டை கூடவே வாங்கி வந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள்.