டைனிமாக் கயிற்றில் முடிச்சா, ஸ்பிளைஸா?

கடலூரான்:
திருகோணமலை கொட்பேயில் நிற்கிற 40 அடிப் பலநாள் படகு. வாடை தொடங்க முன்னம் அணியத்தில (முன்பக்கத்தில) படகை ஜெட்டியோட கட்டுற கயிறு மாத்தவேணும். கையில இருக்கிறது 12 மில்லிமீற்றர் டைனிமா (பலமான செயற்கை நார்க் கயிறு), பன்னிரண்டு புரிப் பின்னல், உள்ளே வெறும் கூடு. தூணில மாட்டக் கண்ணி (வளையம்) போடுற போலின் முடிச்சு உருவிக்கொண்டு வருது. இன்னொரு சுற்றுப் போட்டால் நிற்குமா? ஜெட்டித் தூண் 20 சென்ரிமீற்றர் விட்டம்.

புரிமுறுக்கி:
முடிச்சை விடுங்கோ அண்ணை. டைனிமா வழுக்கும். உருவாமல் நிண்டாலும் முடிச்சு வளையிற இடத்தில பாதிப் பலம் போயிடும். ஸ்பிளைஸ்தான், அதாவது கயிற்றின்ர வாலை அதே கயிற்றுக்குள்ள செருகிக் கண்ணி ஆக்கிறது.

உள்ளே செருகிற வால் கயிற்று விட்டத்தின் 72 மடங்கு. உங்களுக்கு 86 சென்ரிமீற்றர், 90 வையுங்கோ. நுனியிலிருந்து 90இல் ஒரு குறி. கண்ணிக்கு வேண்டிய கயிற்றை விட்டு இரண்டாவது குறி. கண்ணியைத் தட்டையாக மடிச்சுப் பிடிச்சால் அதின்ர நீளம் தூண் விட்டத்தின் மூன்று மடங்காவது, 60 சென்ரிமீற்றர், இருக்கவேணும். குறுகினால் கண்ணியின்ர கழுத்து பிளக்கும். இரண்டாவது குறியில கயிற்றை நெருக்கிக் கூட்டைத் திறந்து, மடிச்ச மெல்லிய கம்பியால வாலை உள்ளே இழுத்து முதற்குறி வரைக்கும் கொண்டுபோங்கோ. நுனி வெளியே வந்ததும் கடைசி 30 சென்ரிமீற்றரில புரிகளைச் சோடி சோடியாக, இடம் மாத்தி மாத்தி வெட்டி மெலிக்கவேணும். மெலிக்காமல் விட்டால் வால் முடியிற இடத்தில திடீர்ப் படி விழும், பிறகு அங்கதான் அறும். பிறகு கழுத்திலிருந்து உருவி உருவி வெளிக்கூட்டை நீவ, வால் உள்ளே மறையும்.

கழுத்தில குறுக்கும் நெடுக்கும் நூல் தையல் கட்டாயம். இழுவை இருக்கும்போது கூடு வாலை இறுக்கிப் பிடிக்கும். தளர்ந்து ஆடும்போதுதான் வால் நழுவும்.

வாடைத்தோணி:
ஸ்பிளைஸ் சரி, ஆனால் முழு நீளமும் டைனிமா வேண்டாம். அறுகிற நேரத்திலும் அது 3–4 சதவீதம்தான் நீளும், அதனால அலை இழுவை முழுக்கப் படகில கயிறு கட்டுற கட்டைக்கும் ஜெட்டித் தூணுக்கும் போகும். படகுப் பக்கம் 24 மில்லிமீற்றர் மூன்றுபுரி நைலோன் 6 மீற்றர் போடுங்கோ. பலம் கிட்டத்தட்டச் சமன், நல்லா இழுபடும்.

கடலூரான்:
இரண்டையும் கண்ணிக்குள் கண்ணியாகக் கோக்கலாமோ?

வாடைத்தோணி:
வேண்டாம். மெல்லிய டைனிமா நைலோனை அறுத்துப்போடும். இரண்டு கண்ணியிலும் திம்பிள் (கண்ணிக்குள்ள வைக்கிற பள்ளமான உலோக வளையம்), நடுவில ஷக்கிள் (ஆணி போட்டுப் பூட்டுற U வடிவ உலோகக் கொளுவி), அதின்ர ஆணியைத் துருப்பிடிக்காத கம்பியால கட்டுங்கோ. நைலோன் கண்ணிக்கு ஒவ்வொரு புரியையும் ஐந்து தரமாவது செருகுங்கோ. தென்னங்கயிற்றுக்குப் போதுகிற மூன்று இதுக்குப் போதாது. படகு விளிம்பில உரசிற இடத்துக்குப் பழைய தண்ணிக் குழாயை உறையாகப் போடுங்கோ. டைனிமா 150 பாகைக்குள்ளயே உருகும், அதனால ஜெட்டி விளிம்பில உரசிற இடத்திலயும் உறை வேணும்.