பழைய பதிவுகளைத் திருத்துவதா, புதியவற்றை எழுதுவதா?

கேள்வி:
வணக்கம். மென்பொருள் பயன்பாடு குறித்த வழிகாட்டிக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். தேடுபொறி வழியாக முன்பு நல்ல வாசகர் வரவு இருந்த பல பதிவுகளை இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எழுதக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், அதைப் பழையவற்றைச் செப்பனிடுவதில் செலவிடுவதா, புதிய தலைப்புகளுக்கு ஒதுக்குவதா என்று தெரியவில்லை. திருத்தினால் தேதியையும் மாற்றலாமா?

மறுமொழி 1:
முதலில், தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்பதைக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலைப் பாருங்கள். அதில் 16 மாதத் தரவு கிடைப்பதால், கடந்த மூன்று மாதங்களைச் சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட முடியும். தேடல் முடிவுகளில் பதிவு முன்போலவே தோன்றியும் கிளிக்குகள் மட்டும் சரிந்திருந்தால், அந்தக் கேள்வியை மக்கள் இன்னும் கேட்கிறார்கள், உங்கள் பதில்தான் பின்தங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். திருத்த வேண்டியவை அவையே. கேள்வியே வழக்கொழிந்திருந்தால் எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வரவைவிடப் பிழைக்கே முன்னுரிமை தருவேன். வாசகர் ஒருவர் உங்களை நம்பி, இன்று இல்லாத ஒரு மெனுவைத் தேடிக்கொண்டிருப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. அதே வேளையில், எல்லாவற்றையும் திருத்திச் சரிசெய்துவிட முடியாது. எடுத்துக்காட்டாக, தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் வழக்கமான கணக்குகளில் புதிய தரவைச் சேகரிப்பதை நிறுத்தியது. அதன் இடத்துக்கு வந்த ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) அமர்வுகளை, அதாவது ஒருவரின் ஒவ்வொரு வருகையையும், அல்லாமல் நிகழ்வுகளையே, அதாவது அவர் தளத்தில் செய்யும் ஒவ்வொரு செயலையுமே, அடிப்படையாகக் கொண்டது. ஆகவே பழைய கருவிக்கு எழுதிய வழிகாட்டியில் படங்களை மட்டும் மாற்றுவது போதாது; புதிதாகவே எழுதிவிட்டு, பழையதன் தலைப்பகுதியில் அதற்கு இணைப்புக் கொடுப்பதே முறை.

தேதியைப் பொறுத்தவரை, உள்ளடக்கம் கணிசமாக மாறியிருந்தால் மட்டுமே மாற்றுங்கள். புதிதுபோலத் தோன்றுவதற்காகத் தேதியை மட்டும் மாற்றுவதைக் கூகுளே தன் வழிகாட்டுதலில் தவிர்க்கச் சொல்கிறது. வெளியிட்ட நாளையும் திருத்திய நாளையும் சேர்த்தே காட்டுவது நேர்மையானது.

மறுமொழி 3:
இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால் அவை தேடலில் ஒன்றோடொன்று போட்டியிடும். வலுவான ஒன்றில் மற்றவற்றின் பயனுள்ள பகுதிகளைச் சேர்த்துவிட்டு, அவற்றின் முகவரிகளை 301 வழிமாற்றின் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் அதற்குத் திருப்புங்கள். வெறுமனே நீக்கினால், பிற தளங்கள் தந்த இணைப்புகள் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையில் போய் முடியும்.