மறுமொழி: 'எதிர்மறை வலுவூட்டல்' மாற வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் தமிழ்க் கலைச்சொல் பட்டியலின் உளவியல் அடிப்படைச் சொற்களில் கவனம், நினைவு, ஊக்கம் ஆகியவற்றை அதிகச் சச்சரவில்லாமல் முடித்துவிட்டோம். தூண்டல் (ஸ்டிமுலஸ்), துலங்கல் (அதற்கு எழும் எதிர்வினை) இரண்டும் கல்வியியல் நூல்களில் நெடுங்காலமாக வேரூன்றியவை. அவற்றைத் தொட வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். எஞ்சியிருப்பது 'எதிர்மறை வலுவூட்டல்', அதாவது ஒரு தொல்லை நீங்குவதால் ஒரு நடத்தை வலுப்படுவதைக் குறிக்கும் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பழகிப்போன சொல், அப்படியே இருக்கட்டும் என்று கிருஷ்ணகிரி ஐயா எழுதியிருந்தார். இருக்கக்கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரிப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் உளவியல் தாள் நடத்துகிறேன். எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டு தருக என்று கேட்டால், ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரே பதில்தான் வருகிறது: மாணவனை அடிப்பது, திட்டுவது, வெயிலில் நிறுத்துவது. படிக்காமல் எழுதியவர்கள் மட்டும் அல்ல, நன்றாகப் படித்தவர்களும் இதையே எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்மறைச் செய்தி, எதிர்மறை எண்ணம், எதிர்மறை விமர்சனம் என்று நாளெல்லாம் காதில் விழுகிற சொல் அது. எதிர்மறை என்றாலே கெட்டது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. உளவியலில் கெட்டதைத் தருவதற்குப் பெயர் தண்டனை. ஆகவே இரண்டும் ஒன்று என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார்.

இது மதிப்பெண்ணோடு போகிற பிழையாக இருந்தால் நான் இவ்வளவு வாதாட மாட்டேன். இவர்கள் நாளைக்குப் பென்னாகரத்திலும் அரூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் வகுப்பறைகளில் நிற்கப் போகிறவர்கள். பிரம்படிக்கு 'வலுவூட்டல்' என்று உளவியலே பெயர் சூட்டியிருப்பதாக நம்பிக்கொண்டு போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்துவிட்டது. சட்டம் விலக்கியதைப் பாடநூலின் ஒரு கலைச்சொல் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறது. எனக்கு இதில்தான் பதைப்பு.

கருத்தை ஒருமுறை தெளிவாக வைத்துக்கொள்வோம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைப் பெட்டியில் ஓர் எலி. அடித்தளத்துக் கம்பிகளில் மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. எலி அங்குமிங்கும் துள்ளும்போது ஒரு நெம்புகோலை அழுத்திவிடுகிறது, மின்சாரம் நிற்கிறது. அடுத்தடுத்த முறைகளில் எலி நெம்புகோலை விரைவாகத் தேடிப்போய் அழுத்துகிறது. ஒரு தொல்லை நீங்கியதால் ஒரு நடத்தை வலுப்பெற்றது. அவ்வளவுதான் எதிர்மறை வலுவூட்டல். அழுத்தியதும் உணவு வந்து, அதனால் அழுத்துவது கூடினால் நேர்மறை வலுவூட்டல். இரண்டிலும் நடத்தை கூடுகிறது. தண்டனையில் நடத்தை குறைகிறது.

பென்னாகரத்திலிருந்து தருமபுரி வரும் டவுன் பஸ்ஸில் இதை எந்த நாளும் பார்க்கலாம். ஜன்னலோர இருக்கையில் ஒரு தாய், மடியில் மூன்று வயதுக் குழந்தை. குழந்தை சிணுங்கத் தொடங்குகிறது, பிறகு வீறிடுகிறது. முன் இருக்கையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் கைப்பையில் துழாவிக் கைப்பேசியை எடுத்து, ஒரு படத்தை ஓடவிட்டுக் குழந்தையின் கையில் தருகிறார். அழுகை சட்டென்று நிற்கிறது. குழந்தையின் பக்கம்: அழுதது, கைப்பேசி கிடைத்தது, அழுவது வலுப்பட்டது. தாயின் பக்கம்: கைப்பேசியைத் தந்தார், அழுகை நீங்கியது, தருவது வலுப்பட்டது. ஒரே நிமிடத்தில் ஒருவருக்கு நேர்மறை, மற்றவருக்கு எதிர்மறை. சில நாட்களுக்குப் பிறகு பஸ் ஏறும் முன்பே, குழந்தை அழாதபோதே, தாய் கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வந்த தொல்லையிலிருந்து விடுபடுவது, வரப்போகும் தொல்லையைத் தவிர்ப்பது என்று எதிர்மறை வலுவூட்டலுக்கு உள்ள இரண்டு படிகளும் அந்த ஓர் இருக்கையில் இருக்கின்றன. இதில் தண்டனை எங்கே இருக்கிறது?

பிரம்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வகுப்பு இரைகிறது. ஆசிரியர் ஒருவனை அடிக்கிறார். வகுப்பு அடங்குகிறது. இரைச்சல் நீங்கியதால் வலுப்பட்டது மாணவனின் படிப்பு அல்ல, ஆசிரியரின் அடிக்கும் பழக்கம். எதிர்மறை வலுவூட்டலுக்கு இரையானவர் ஆசிரியர். கருத்து சரியாகப் புரிந்தால் பயிற்சி ஆசிரியர் தன்னையே கவனிக்கக் கற்றுக்கொள்வார். இந்த ஒரு பாடத்துக்காகவே சொல்லைத் திருத்தலாம்.

குழப்பம் தமிழில் மட்டும் நேர்ந்தது என்று அரூர் நண்பர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. ஸ்கின்னரே 1938இல் வெளிவந்த தம் முதல் உளவியல் நூலில் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்பதை, இன்று நாம் தண்டனை என்கிற பொருளில் ஆண்டார். 1953இல் வந்த நூலில்தான் தொல்லையை நீக்குவதால் வலுப்படுதல் என்ற இன்றைய பொருளுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படிக்கிற மாணவர்களும் இன்றுவரை இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அவர்களால் பெயரை மாற்ற முடியவில்லை. அச்சேறிய நூல்கள் அத்தனை. நமக்கு அந்தச் சுமை இல்லை. மூலத்தின் இடறலையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

இனி இதுவரை வந்த பரிந்துரைகள்.

> மிகை எண், குறை எண் என்று கணக்கில் இருப்பதுபோல் மிகை வலுவூட்டல், குறை வலுவூட்டல் எனலாம்.

ஊத்தங்கரை அம்மா சொன்ன இந்த யோசனை ஸ்கின்னரின் கருத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 1953 நூலில் அவர் கூட்டல், கழித்தல் என்ற பொருளில்தான் அந்த அடைமொழிகளை வைத்தார். ஆனால் 'குறை வலுவூட்டல்' என்று பார்க்கும் எவரும் வலு குறைவாக ஊட்டப்பட்டது என்றே படிப்பார். உண்மையில் நீக்கத்தால் வலுப்பட்ட நடத்தை சற்றும் சளைத்ததல்ல. தவிர்க்கும் பழக்கங்கள் எளிதில் மறையாதவை.

> மறை வலுவூட்டல்?

இலக்கணத்தில் மறைக்கு எதிர்மறைப் பொருள் உண்டு. ஆனால் பொது வாசகருக்கு ஒளித்து வைத்த வலுவூட்டல் என்றே தோன்றும். வேண்டாம்.

> நீக்க வலுவூட்டல்.

நெருங்கிவிட்டோம். ஒரே சிக்கல், இதை 'வலுவூட்டலை நீக்குவது' என்றும் படிக்க இடம் இருக்கிறது. வலுவூட்டலை நிறுத்துவதால் நடத்தை மெல்ல மறைவது முற்றிலும் வேறு கருத்து, அதுவும் அதே பாடத்தில் அடுத்த பக்கத்தில் வருகிறது.

நான் முன்வைப்பது: நேர்மறைக்குத் 'தந்து வலுவூட்டல்', எதிர்மறைக்கு 'நீக்கி வலுவூட்டல்'. தந்து, நீக்கி இரண்டும் வினையெச்சங்கள். வினையெச்சம் ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடர்வதைத் தன்னிலேயே சொல்லிவிடுகிறது. முதலில் ஒன்று நீங்குகிறது, அதனால் ஒன்று வலுக்கிறது என்ற வரிசை சொல்லுக்குள்ளேயே அமைந்துவிடும். 'எதை நீக்கி? எதற்கு வலு?' என்ற இரண்டு கேள்விகளை அது மாணவரைக் கேட்க வைக்கும். அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கருத்து கைவந்துவிட்டது. 'எதிர்மறை' என்ற சொல் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை.

கறைநீக்கி என்பதுபோல் 'நீக்கி' பெயர்ச்சொல்லாகவும் வருகிறதே என்று பாலக்கோட்டு நண்பர் கேட்டார். அங்கே அது ஒரு பெயருக்குப் பின்னால் ஒட்டி வருகிறது. இங்கே தனித்து, ஒரு தொழிற்பெயருக்கு முன்னால் நிற்கிறது. பிரித்தே எழுதினால் மயக்கம் வராது.

கனமான மறுப்பு ஓசூர் நண்பருடையது. மார்கழிக் குளிரில் தீ மூட்டிக் குளிர்காய்கிறோம். இது சூட்டைத் தந்ததா, குளிரை நீக்கியதா என்று கேட்டிருந்தார். இதே கேள்வியை நடத்தை ஆய்வாளர் ஜாக் மைக்கேல் 1975இல் எழுப்பி, நேர்மறை எதிர்மறை என்ற பிரிவே தேவையில்லை, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதுதான் வலுவூட்டுகிறது என்று எழுதினார். அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. எல்லைக்கோட்டில் இப்படிச் சில நிகழ்வுகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: 'தந்து', 'நீக்கி' என்று பெயர் வைத்திருப்பதால்தான் இந்தக் கேள்வியையே தமிழில் இவ்வளவு எளிதாகக் கேட்க முடிகிறது. எதிர்மறை என்ற பெயரோடு கேட்டிருந்தால், குளிர்காய்வதில் கெட்டது என்ன என்று பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

ஓசூர் நண்பர் தந்த யானை எடுத்துக்காட்டு நல்லது, பட்டியலில் சேர்க்கலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் இரவெல்லாம் பரண்மேல் காவல் இருக்கிறார்கள். யானை வயலில் இறங்கியதும் வெடி போடுகிறார்கள், யானை விலகுகிறது. வெடி போடும் பழக்கம் வலுப்படுவது நீக்கி வலுவூட்டல். ஆனால் நாளடைவில் யானை வெடிக்கு அசையாமல் நிற்பதையும் அதே வரியில் சேர்த்துவிட்டார். அது வேறு. கேடு தராத ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்ததால் துலங்கல் மங்குவது அது. நம் பட்டியலில் அதற்குப் 'பழகிப்போதல்' என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். யாருடைய நடத்தையைப் பேசுகிறோம் என்பதை ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் முதலில் எழுதிவிட்டால் இந்தக் கலப்பு நேராது.

தண்டனைக்கு 'ஒறுத்தல்' வேண்டும் என்ற பரிந்துரையை ஆதரிக்கிறேன். தண்டனை என்றதும் நீதிமன்றமும் குற்றமும் கூடவே வருகின்றன. உளவியலில் குற்றத்துக்கு இடமில்லை. பின்விளைவால் நடத்தை குறைந்ததா என்பது மட்டுமே அளவுகோல். எத்தனை அடித்தும் நடத்தை குறையவில்லை என்றால் உளவியல் அதைத் தண்டனை என்றே சொல்லாது. ஒறுத்தல் குறளில் பயின்ற சொல். தீங்கு செய்தவரை ஒறுக்கும் வழி, அவர் நாணும்படி நன்மை செய்வது என்கிற இடத்தில் அந்தச் சொல்லுக்குள் பிரம்பு இல்லை, விளைவுதான் இருக்கிறது. அதை ஏற்றால் நான்கு சொற்களும் ஒரே அச்சில் வரும்: தந்து வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல், தந்து ஒறுத்தல், நீக்கி ஒறுத்தல். சேட்டை செய்ததற்காகக் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதும், அதனால் சேட்டை குறைவதும் நீக்கி ஒறுத்தல் என்று முதல் நாள் மாணவரும் சொல்லிவிடுவார்.

வலுவூட்டல் என்றால் குழந்தைக்கு வலு சேர்ப்பதா என்று எழுந்த ஐயத்துக்கு ஒரே வரி: குழந்தைக்கு அல்ல, நடத்தைக்கு வலு என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் போதும்.

ஒரு நடைமுறைச் சிக்கலை மறக்கக் கூடாது. வினாத்தாளில் இன்னும் 'எதிர்மறை வலுவூட்டல்' என்றுதான் கேட்கப்படுகிறது. ஆகவே நம் பட்டியலில் புதிய சொல்லை முதலிலும், பழையதை 'முன்னர் வழங்கியது' என்ற குறிப்போடு அதன் கீழும் போடலாம். மாணவர் தேர்வில் தவிக்கக் கூடாது.

தீராமல் நிற்பது ஒன்று. பஸ்ஸில் அழுகை வரும் முன்பே கைப்பேசியைத் தந்த தாயின் செயலில் நீக்கப்பட்டது எதுவும் இல்லை; வராமல் தடுக்கப்பட்டது. அதையும் 'நீக்கி வலுவூட்டல்' என்ற குடைக்குள்ளேயே வைத்து 'விடுபடல்', 'தவிர்ப்பு' என்று இரண்டு உட்பிரிவு செய்யலாமா, அல்லது 'தவிர்த்து வலுவூட்டல்' என்று தனியாகவே சொல்லலாமா? நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். ஊத்தங்கரை அம்மாவும் ஓசூர் நண்பரும் சொல்லட்டும்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து